நாய்க்கு மாட்டிய மூஞ்சூறு முகமூடி

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு மூஞ்சூறு உண்டு. ராத்திரி விளக்கை அணைத்ததும் சுவரை ஒட்டியே கீச்சுக்கீச்சென்று ஓடும். அம்மா அதை அடிக்க விடமாட்டார். "பிள்ளையார் வாகனம்டா, விடு. கரப்பானைத்தானே தின்னுது" என்பார்.

போன மாதம் ஒரு ராத்திரி லேப்டாப்பில் ஒரு பழைய அமெரிக்கப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்குடா நாய்க்கெல்லாம் சடை ஒட்டி ஓட விட்டிருக்காங்க?"

"அது நாய் இல்லம்மா. மூஞ்சூறு."

"போடா. நாய் ஓடுறது எனக்குத் தெரியாதா?"

படம் 'தி கில்லர் ஷ்ரூஸ்', 1959-ல் வந்தது. தமிழில் சொன்னால் 'கொலைகார மூஞ்சூறுகள்'. அம்மா சொன்னதுதான் சரி. அவை நாய்களேதான். அமெரிக்காவில் வேட்டைக்கு வளர்க்கும் கூன்ஹவுண்ட் வகை நாய்களின் மேல் மயிர்ப்போர்வை போர்த்தி, முகமூடி மாட்டி ஓட விட்டிருக்கிறார்கள். மட்டமான படங்களுக்கு உதாரணம் சொல்லும்போதெல்லாம் இந்தப் பெயர் அடிபடும். 1992-ல் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்ற கிண்டல் நிகழ்ச்சியில் இதை வைத்து ஒரு முழு எபிசோடே ஓட்டினார்கள்.

நானும் சிரிக்கத்தான் உட்கார்ந்தேன். சிரித்து முடித்த பிறகு இதை எடுத்தவர்கள் யார் என்று தேடப் போனேன். தேடியது நியூரம்பெர்க் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் கதை

ஒரு சின்னத் தீவு. புயல் வரப்போகிறது. சரக்கு கொண்டுவரும் படகின் கேப்டன் தார்ன் ஷெர்மனும் அவனுடைய உதவியாளன் கிரிஸ்வோல்டும் அங்கே வந்து சேர்கிறார்கள். தீவில் டாக்டர் கிரெய்கிஸ் என்ற விஞ்ஞானி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார். அவருடைய கவலை மக்கள்தொகை. உலகத்தில் ஜனம் பெருகிக்கொண்டே போகிறது, சோறு போதாது. மனிதனையே பாதி சைஸுக்குச் சுருக்கிவிட்டால் பாதிச் சாப்பாடு போதுமே என்று கணக்குப் போடுகிறார். அதற்காக மூஞ்சூறுகளை வைத்துச் சோதனை செய்கிறார். சோதனை தலைகீழாகிறது. சில மூஞ்சூறுகள் ஓநாய் சைஸுக்கு வளர்ந்து, தப்பித்து, குட்டி போட்டு, இருநூறு முந்நூறாகப் பெருகிவிடுகின்றன. தீவில் இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தாயிற்று. பாக்கி இருப்பது மனிதர்கள்.

முதலில் சாவது கிரிஸ்வோல்ட். அவன் கறுப்பினத்தவன். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் முதலில் சாவது யார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அப்புறம் ராத்திரி முழுக்க மண்சுவர் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். வெளியே கீச்சொலி, சுவரைப் பிறாண்டும் சத்தம். கடைசியில் பெரிய இரும்பு டிரம்களைக் கவிழ்த்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, அதற்குள் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து கடற்கரைக்குப் போய்த் தப்பிக்கிறார்கள். மொத்தம் 69 நிமிஷம்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், மிருகத்தைத் தேர்ந்தெடுத்ததில் கதாசிரியர் ஜே சிம்ஸ் கெட்டிக்காரர். மூஞ்சூறு எலி இனமே இல்லை. எலியைப் போல எதையும் கொறிக்காது, பூச்சி புழுவைப் பிடித்துத் தின்னும் ஊனுண்ணி. அதன் உடம்பு எரிக்கும் வேகத்துக்கு ஓயாமல் சாப்பிட்டாக வேண்டும். சில சின்ன வகைகள் சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே செத்துப்போகும். வட அமெரிக்காவில் உள்ள குட்டைவால் மூஞ்சூறு ஒன்றின் எச்சிலில் நிஜமாகவே விஷம் உண்டு. படத்திலும் கடித்தால் சாவு, ஆனால் காரணம் வேறு. மனிதர்கள் வைத்த விஷத்தைத் தின்று அது எச்சிலில் ஏறிவிட்டதாம். பசி, விஷம், பெருக்கம் மூன்றும் ஏற்கெனவே அந்தப் பிராணியிடம் இருக்கின்றன. சைஸை மட்டும்தான் மாற்றவேண்டியிருந்தது.

அந்தச் சைஸில்தான் காசு இடித்தது. படத்தின் மொத்தச் செலவு சுமார் 1.2 லட்சம் டாலர் என்கிறார்கள். அதே 1959-ல் வந்த 'பென்ஹர்' படத்துக்குச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் ஆனது. அதனால் தூரத்திலிருந்து எடுக்கும் காட்சிக்கு நாய். பல்லும் மூஞ்சியும் கிட்டத்தில் தெரியவேண்டிய காட்சிக்குக் கையில் மாட்டி ஆட்டும் பொம்மை. நாயும் பொம்மையும் ஒன்றுக்கொன்று சுத்தமாக ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெட்டு விழும், அவ்வளவுதான். அந்த வெட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

பணம் போட்டவர்

படத்துக்குப் பின்னால் இருந்தவர் கோர்டன் மெக்லெண்டன். டெக்சாஸ்காரர். டல்லஸ் நகரத்தின் கேஎல்ஐஎஃப் ரேடியோ நிலையம் அவருடையது. கூடவே டிரைவ்-இன் தியேட்டர்களும் இருந்தன. காருக்குள்ளேயே உட்கார்ந்து படம் பார்க்கும் தியேட்டர். சென்னைக்காரர்களுக்கு ஈசிஆர் பிரார்த்தனா ஞாபகம் வரும். ஹாலிவுட்டிலிருந்து படம் வாங்கி ஓட்டுவதற்குப் பதில் நாமே எடுத்து ஓட்டினால் என்ன என்று இறங்கி, டல்லஸ் பக்கத்திலேயே இரண்டு படங்களை எடுத்து ஜோடியாக வெளியிட்டார். ஒன்று மூஞ்சூறு. இன்னொன்று 'தி ஜெயன்ட் கீலா மான்ஸ்டர்', ராட்சசப் பல்லி. அதில் நிஜப் பல்லியைப் பொம்மை ஊருக்குள் ஊர விட்டு எடுத்தார்கள். அந்தப் பல்லியும் கீலா இனம் இல்லை, அதன் சொந்தக்காரனான மெக்சிகோ மணிப்பல்லி. இங்கேயும் ஆள்மாறாட்டம்தான்.

மெக்லெண்டனுக்கு இது புதுசில்லை. அவர் நாடறிந்ததே பேஸ்பால் வர்ணனையால். 1940-களின் கடைசியில் அவர் தொடங்கிய லிபர்ட்டி ஒலிபரப்பு நிறுவனம், உச்சத்தில் 400-க்கும் மேற்பட்ட நிலையங்கள் வழியாக ஆட்டங்களை ஒலிபரப்பியது. விஷயம் என்னவென்றால், பெரும்பாலான ஆட்டங்களில் அவர் மைதானத்திலேயே இல்லை. டல்லஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தார். மைதானத்திலிருந்து தந்தியில் ஒவ்வொரு பந்தின் முடிவும் சுருக்கமாக வரும். அதை வைத்துக்கொண்டு, முன்பே பதிவு செய்த கூட்டத்தின் இரைச்சலை ஏற்றி இறக்கி, மட்டையில் பந்து படும் சத்தத்தைச் செயற்கையாக எழுப்பி, கண்ணால் பார்ப்பதுபோலவே வர்ணிப்பார். மைதான ஒலிபெருக்கியின் எதிரொலி வேண்டும் என்பதற்காக ஒருவரைக் கழிப்பறைக்குள் நின்று அறிவிக்கச் சொன்னார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு.

நேயர்களை ஏமாற்றினாரா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. ஸ்கோர் நிஜம். அவுட் ஆனவன் நிஜமாகவே அவுட். சத்தம் மட்டும் இரவல். 1951-ல் பாபி தாம்சன் அடித்த, அமெரிக்கர்கள் இன்றும் பேசும் அந்த ஹோம்ரன்னின்போது மெக்லெண்டன் நிஜமாகவே மைதானத்தில் இருந்து நேரடியாக வர்ணித்தார். ஸ்டூடியோவில் கூட்டத்தைத் தயாரிக்கத் தெரிந்தவருக்கு நிஜக் கூட்டத்தின் முன்னால் பேசவும் தெரிந்திருந்தது. 1952-ல் கிளப்புகள் ஒலிபரப்பு உரிமையை இறுக்கியதும் நிறுவனம் மூடப்பட்டது.

இந்தப் பின்னணி தெரிந்தபின் படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். பயம் வரும் இடங்களில் எல்லாம் மூஞ்சூறு கண்ணில் படுவதே இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும் கீச்சொலிதான் பயமுறுத்துகிறது. ரேடியோக்காரர் பணம் போட்ட படம், காதுக்குத்தான் அதிகம் வேலை.

இன்னொன்றும் கவனித்தேன். மெக்லெண்டன் இதில் நடித்தும் இருக்கிறார். டாக்டர் பெய்ன்ஸ் என்ற துணை விஞ்ஞானி வேஷம். மூஞ்சூறு அவர் காலைக் கடித்துவிடுகிறது. தான் சாகப்போவது அவருக்குத் தெரியும். கத்தவில்லை, அழவில்லை. நேராகப் போய்த் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, தன் உடம்பில் விஷம் ஏறும் அறிகுறிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே உயிரை விடுகிறார். படத்தில் எனக்குச் சிரிப்பு வராத ஒரே இடம் இது. அடுத்தவனுக்கு உபயோகப்படட்டும் என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்துவிட்டுச் சாகிற ஒரு சாட்சி. நடித்தவரோ, பார்க்காத ஆட்டத்தைப் பார்த்ததாக வர்ணித்துப் பெயர் வாங்கியவர்.

இயக்கியவர்

இனி இயக்குநர் ரே கெல்லாக். இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கெல்லாக் அடிப்படையில் இயக்குநர் இல்லை, சினிமாத் தந்திரக்காரர். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் சிறப்புக் காட்சிப் பிரிவில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். 1950-களில் அந்தப் பிரிவுக்கே தலைவர். 'தி ரோப்', 'தி செவன் இயர் இட்ச்' போன்ற படங்களின் டைட்டிலில் அவர் பெயரைப் பார்க்கலாம். இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்ப்பது, இல்லாத மலையை இருப்பதாகக் காட்டுவது, சின்னதைப் பெரிதாக்குவது எல்லாம் அவருடைய அன்றாட வேலை.

நடுவில் யுத்தம் வந்தது. ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்ட் தலைமையில் அமெரிக்க உளவுத்துறைக்காகப் படம் பிடிக்கும் ஒரு பிரிவு இயங்கியது. கடற்படை அதிகாரியாக கெல்லாக் அதில் சேர்ந்தார்.

1945-ல் நேச நாட்டுப் படைகள் நாஜி வதைமுகாம்களுக்குள் நுழைந்தபோது கேமராக்களும் கூடவே போயின. அங்கே பதிவானவற்றை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. அந்தப் படச்சுருளிலிருந்து தொகுத்த, சுமார் ஒரு மணி நேரம் ஓடும் 'நாஜி கான்சென்ட்ரேஷன் கேம்ப்ஸ்' என்ற படம், 1945 நவம்பர் 29 அன்று நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்களின் முன்னிலையில் சாட்சியமாகத் திரையிடப்பட்டது.

அரசுத் தரப்புக்கு ஒரு தலைவலி இருந்தது. சினிமா என்பதே தந்திரம் என்று 1945-ல் உலகத்துக்கே தெரியும். 1933-லேயே 'கிங் காங்' வந்து, ஒரு பொம்மைக் குரங்கு நியூயார்க் கட்டடத்தில் ஏறியதை ஜனங்கள் பார்த்தாயிற்று. 'இது ஹாலிவுட் ஜோடனை' என்று எதிர்த்தரப்பு ஒரு வார்த்தை சொன்னால் என்ன பதில்?

பதில், கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரங்கள். படத்தின் ஆரம்பத்திலேயே அவை திரையில் வருகின்றன. ஒன்று, படப்பிடிப்புக்குப் பொறுப்பாக இருந்த இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸுடையது. இன்னொன்று லெப்டினன்ட் ஈ. ஆர். கெல்லாக்குடையது. நம்ம கெல்லாக்தான். அதன் சாரம் இது: நான் 1929 முதல் 1941 வரை ஹாலிவுட்டில் சினிமாத் தந்திரக் காட்சிகளை இயக்கியவன், அந்த வித்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். இந்தப் படத்தைக் கவனமாகப் பரிசோதித்தேன். எதுவும் திருத்தப்படவில்லை, திரிக்கப்படவில்லை. பார்வையிட்ட 80,000 அடி ஃபிலிமிலிருந்து எடுத்த 6,000 அடி இது. மீதியும் இதே தன்மையில்தான் இருக்கிறது.

சத்தியம் வாங்கிக் கையெழுத்துப் போட்ட அதிகாரி, கேப்டன் ஜான் ஃபோர்ட்.

அந்த இடத்தில் யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'நான் நேர்மையானவன், என்னை நம்புங்கள்' என்று சொல்லும் ஒருவரை அல்ல. 'எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று எனக்குத் தெரியும், இதில் அது இல்லை' என்று சொல்லக்கூடிய ஒருவரை. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமையின் காட்சிச் சாட்சியத்துக்கு ஒரு டிரிக் ஷாட் நிபுணரின் கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது.

பதினாலு வருஷம் கழித்து அதே மனுஷர் டெக்சாஸில் நின்று நாய்க்கு மூஞ்சூறு முகமூடி மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைத் தயாரித்து, அதில் நடிக்கவும் செய்த கென் கர்டிஸ் அப்போது ஜான் ஃபோர்டின் மாப்பிள்ளை. சின்ன உலகம்.

வெட்டு

இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். ஒன்று காசுக்காக எடுத்த பொழுதுபோக்கு, மற்றது வரலாற்றின் ஆவணம். ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு தொழில்நுட்ப நூல் ஓடுகிறது, அதைச் சொல்லியாகவேண்டும்.

முகாம்களைப் பற்றி 1945-ல் பிரிட்டிஷாரும் ஒரு படம் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். சிட்னி பெர்ன்ஸ்டைன் தயாரிப்பு. அந்தப் படம் அப்போது பாதியில் கிடப்பில் போடப்பட்டு, 2014-ல்தான் லண்டனின் இம்பீரியல் வார் மியூசியம் முழுமையாக்கியது. அதற்கு ஆலோசனை சொல்ல வந்தவர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். அவர் சொன்னதில் தொகுப்பாளர் நினைவுகூர்ந்த முக்கியமான ஒன்று: முடிந்தவரை வெட்டாதீர்கள், கேமரா மெதுவாகத் திரும்பும் நீளமான காட்சிகளாக வையுங்கள். சடலங்களும், அவற்றைப் பார்த்து நிற்கும் உள்ளூர்க்காரர்களும் ஒரே ஷாட்டில், நடுவில் வெட்டு இல்லாமல் தெரிந்தால், ஒட்டவைத்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஹிட்ச்காக்கும் வெட்டி வெட்டியே பயமுறுத்திப் பிழைத்தவர்தான். பொய் எங்கே ஒளியும் என்று அவருக்கும் தெரியும். இரண்டு ஷாட்டுக்கு நடுவில்.

இப்போது மூஞ்சூறுக்கு வருவோம். தூரத்தில் நாய். வெட்டு. கிட்டத்தில் பொம்மை. வெட்டு. அலறும் மனிதன். நாயும் பல்லும் சதையும் ஒரே ஷாட்டில் சேர்ந்து வரவே முடியாது, காசு இல்லை. பணக்காரப் படமாக இருந்தால் இந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது. ஏழைப் படத்தில் அது பல்லை இளிக்கிறது. 'மூஞ்சூறு தான் போக வழியைக் காணோம், விளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டுப் போச்சாம்' என்று நம் ஊரில் சொல்வார்கள். 1.2 லட்சம் டாலரை வைத்துக்கொண்டு ராட்சச மிருகப் படம் எடுக்கப் போனால் விளக்குமாறு வெளியே தெரியத்தான் செய்யும்.

அதனாலேயே எனக்கு இந்தப் படம் பிடித்துவிட்டது. எங்கே ஏமாற்றுகிறது என்பதைத் தானே காட்டிக்கொடுக்கும் படம் இது. சினிமா தெரியாத எங்கம்மா ரெண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்தார். ஆனால் அதே அம்மா வாட்ஸப்பில் வரும் வீடியோவைக் காட்டி, "பாருடா, எங்கேயோ கட்டடம் எப்படி விழுது" என்கிறார். அதில் வெட்டே தெரிவதில்லை. கம்ப்யூட்டரில் தயாரித்ததா, நிஜமா என்று எனக்கே சட்டென்று சொல்ல வராது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம். எங்கேயோ நிஜமாகக் குண்டு விழுந்து நிஜமாகக் குழந்தை செத்த வீடியோவையும் 'இதெல்லாம் ஏஐ' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகிறோம். அந்தத் தலைவலி 1945-லேயே இருந்தது. அன்றைக்கு ஒருவர் தன் பெயரைப் போட்டு, நான் இன்ன வேலை தெரிந்தவன், மொத்த ஃபிலிமையும் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். எடுத்தது யார், முழு அளவு எத்தனை, அதில் காட்டியது எத்தனை என்ற கணக்கும் கூடவே இருந்தது. நமக்கு வரும் ஃபார்வர்டில் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. இப்போதெல்லாம் ஒரு வீடியோ வந்தால் நான் முதலில் தேடுவது அந்தக் கணக்கைத்தான்.

பிறகு

மூஞ்சூறும் பல்லியும் டெக்சாஸைத் தாண்டி வெளிநாடு வரைக்கும் ஓடின. உள்ளூரில் எடுத்த படங்களுக்கு அந்தக் காலத்தில் அது அபூர்வம். கெல்லாக் 1968-ல் ஜான் வெய்னோடு சேர்ந்து வியட்நாம் போரை ஆதரிக்கும் 'தி கிரீன் பெரெட்ஸ்' படத்தை இயக்கினார். அது இன்னொரு நாள் பேசவேண்டிய கதை. கேப்டனாக நடித்த ஜேம்ஸ் பெஸ்ட் பிற்காலத்தில் 'தி டியூக்ஸ் ஆஃப் ஹசர்ட்' டிவி தொடரின் ஷெரிஃபாகப் புகழ்பெற்றார். 2012-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே கேப்டனாகத் திரும்பவும் தீவுக்குப் போனார். விஞ்ஞானியாக வரும் பாருக் லூமெட், '12 ஆங்ரி மென்' எடுத்த சிட்னி லூமெட்டின் அப்பா.

மெக்லெண்டனும் கெல்லாக்கும் சேர்ந்து 1960-ல் இன்னொரு படம் எடுத்தார்கள். பெயர் 'மை டாக், படி'. இந்தத் தடவை நாய் நாயாகவே நடித்தது.

'தி கில்லர் ஷ்ரூஸ்' இப்போது பொதுவுடைமை, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பார்ப்பதானால் பெய்ன்ஸ் தட்டச்சு செய்யும் இடத்தைத் தவறவிடாதீர்கள். எங்கள் வீட்டு மூஞ்சூறு சௌக்கியம். நேற்று ராத்திரி நாலு குட்டிகள், ஒன்றின் வால்பக்கத்தை ஒன்று கவ்விக்கொண்டு, ரயில்போலத் தாயின் பின்னால் வரிசையாகப் போயின. போனில் வீடியோ எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டேன். முதல் பதில் ஒரே வார்த்தையில் வந்தது: "ஏஐயா?"